உரோமக் காசுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட சேது நாணயங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த குறிப்பைப் படித்துவிட்டு எழுதிய வாசகர்களுள் பலர் உரோமக் காசுகளைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. காசு கிடைத்த இடத்தைக் குறித்திருந்த கடிதத்தில் ஊரின் பெயரையும் நீக்கியிருக்கிறேன். ஊர்ப்பெயர் அச்சில் வந்தால் அடுத்த கிழமையே அங்கே மண்வெட்டியோடும் ஸ்கேனர் கருவியோடும் ஆட்கள் போய் நிற்பார்கள் என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: எனது மகன் தரம் 9 இல் படிக்கிறான். இதுவரை முத்திரை சேர்த்து வந்தவன் இப்போது உரோமக் காசு சேர்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு அல்லவா? சேர்க்க விடுவதானால் எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு தாய், கொக்குவில்

பதில்: அம்மா, தங்கக் காசுகளைப் பொறுத்தவரை உங்கள் பயம் நியாயமானதே. அகஸ்டஸ் காலத்து ஔரியஸ் ஒன்றையோ, கொன்ஸ்ரன்ரைன் தொடக்கிவைத்த சொலிடஸ் ஒன்றையோ வாங்குவது நம்மில் பலருக்கு எட்டாத காரியம். ஆனால் கி.பி. 4ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசின் அக்கசாலைகள், அதாவது காசு அடிக்கும் சாலைகள், அடித்துத் தள்ளிய சிறு வெண்கலக் காசுகள் அப்படிப்பட்டவை அல்ல. அவை கணக்கில்லாமல் புழங்கியவை; ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இன்றும் பானை பானையாக மண்ணிலிருந்து வெளிவருபவை. எழுத்தும் உருவமும் ஓரளவு தெரியும் காசு ஒன்றை வெளிநாட்டு வணிகர்கள் சில டொலர்களிலிருந்து இருபது டொலர் வரையான விலைக்கு விற்கிறார்கள். அதிலும் குறைந்த விலையில், மண்ணோடு மண்ணாக நூறு காசுகளைப் பொதியாகக் கட்டி விற்பவர்களும் உண்டு. அந்தப் பக்கம் தம்பியைப் போக விடாதீர்கள். அவற்றில் பெரும்பகுதி எழுத்தே இல்லாத தேய்ந்த செம்பு. எங்கே தோண்டப்பட்டவை, யார் தோண்டினார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் இராது.

முதலில் ஒரே ஒரு காசு போதும். ஆனால் அது வகை அறியப்பட்ட காசாக இருக்க வேண்டும். இரண்டு போர்வீரர்கள் எதிரெதிரே நிற்க, நடுவில் படைக்கொடிகள் நடப்பட்டிருக்கும் குளோரியா எக்சர்சிட்டுஸ் என்ற வகையை நான் பரிந்துரைப்பேன். படையின் புகழ் என்பது அதன் பொருள். 330ஆம் ஆண்டளவில் இதை அடிக்கத் தொடங்கியபோது வீரர்களுக்கு நடுவே இரண்டு கொடிகள் இருந்தன, காசின் எடையும் ஏறத்தாழ 2.5 கிராமாக இருந்தது. 335ஆம் ஆண்டளவில் எடையை ஏறத்தாழ 1.7 கிராமாகக் குறைத்தார்கள். அப்போது கொடியும் ஒன்றாகக் குறைந்தது. இரண்டு கொடிக் காசு ஒன்றையும் ஒற்றைக் கொடிக் காசு ஒன்றையும் அருகருகே வைத்து நிறுத்துப் பார்த்தால், ஓர் அரசு தன் காசின் மதிப்பை எப்படி மெல்ல மெல்ல இறக்கியது என்பது பையனுக்குத் தானாகவே விளங்கிவிடும். நம் நாட்டு ரூபா வீழ்ந்ததைக் கண்ட பிள்ளைகளுக்கு அதை விளக்கப் பாடப்புத்தகம் தேவைப்படாது.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கைவில்லை, நூறில் ஒரு கிராம் வரை காட்டும் சிறிய இலத்திரனியல் தராசு, ஒரு கொப்பி ஆகியவை போதிய கருவிகள். கொப்பியில் காசின் எடை, குறுக்களவு, இரு பக்கங்களின் வருணனை, யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பவற்றைப் பதிய வேண்டும். பற்றுச்சீட்டையும் அதிலேயே ஒட்டிவைக்க வேண்டும். வகையைத் தேடிக் காண்பதற்கு, அமெரிக்க நாணயவியல் கழகம் உரோமப் பேரரசுக் காசுகளை வகைப்படுத்தி இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் தரவுத்தளம் மிகவும் உதவும். ஆங்கிலத்தில் இருந்தாலும் படங்களைப் பார்த்தே பாதி வேலை முடிந்துவிடும்.

வெளிநாட்டில் உறவினர் இருந்தால் இங்கிலாந்துக் காசுகளையே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அங்கே வயலில் காசு கண்டெடுப்பவர்கள் தம் கண்டுபிடிப்பைத் தாமாகவே பதிவுசெய்வதற்கான அரச ஆதரவுத் திட்டம் ஒன்று 1997 முதல் இயங்கி வருகிறது. புதையல் என்ற வரையறைக்குள் வருபவற்றைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. பதிவு எண்ணோடு விற்கப்படும் காசு இரண்டு டொலர் கூடுதலாக இருந்தாலும் அதையே வாங்க வேண்டும். அது எந்த வயலிலிருந்து வந்தது என்பதைத் தம்பி வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம்.

கேள்வி: இலண்டனில் இருக்கும் மருமகன் எனக்கு ஒரு சிறிய உரோமக் காசைப் பரிசாக அனுப்பினார். குறுக்களவு 13 மில்லிமீற்றர், எடை 1.2 கிராம். தலைப்பக்கத்தில், முத்துப்பட்டி கட்டிய ஒரு தலை வலப்புறம் நோக்கி இருக்கிறது. ஓரத்து எழுத்துகளில் ஏ, டி, ஐ, வி, எஸ் ஆகிய ஐந்தும், சற்று இடைவெளி விட்டு பி, எப் ஆகிய இரண்டும் மட்டுமே தெரிகின்றன. பின்பக்கத்தில் இறக்கையுள்ள உருவம் ஒன்று தோளில் எதையோ சுமந்தபடி ஓர் ஆளை இழுத்துச் செல்கிறது. அடியில் ஏ, என், ரி; அதற்கப்பால் தேய்ந்துவிட்டது. இது யாருடைய காசு?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், நல்லூர்

பதில்: ஐயா, எடையையும் அளவையும் சேர்த்து எழுதியதற்கு முதலில் நன்றி, பத்துப் பேர் எழுதினால் ஒருவர்தான் அவற்றைக் குறிக்கிறார். நீங்கள் அனுப்பிய விவரம் காசை அறியப் போதுமானது.

அந்த ஐந்து எழுத்துகள் பெயரின் கடைசிப் பகுதி. இலத்தீனில் அக்காலத்தில் வி என்ற எழுத்தே யூ என்பதற்கும் நின்றது. ஆகவே நீங்கள் பார்ப்பது ஆடியுஸ் என்று முடியும் ஒரு பெயர். காசின் அளவும் முத்துப்பட்டியும் 4ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைக் காட்டுகின்றன. அக்காலத்துப் பேரரசர்களுள் தியோடோசியுஸ் பெயர் ஓசியுஸ் என்றும், ஒனோரியுஸ் பெயர் ஓரியுஸ் என்றும், வலென்ரினியானுஸ் பெயர் ஆனுஸ் என்றும் முடிகின்றன. ஆடியுஸ் என்று முடிவது ஆர்க்காடியுஸ் ஒருவரே. 383இல் தந்தை தியோடோசியுஸால் இணைப்பேரரசராக்கப்பட்டு, 395இல் தந்தை இறந்தபின் கிழக்குப் பகுதியை ஆண்டு, 408இல் மறைந்தவர் இவர். மேற்குப் பகுதி தம்பி ஒனோரியுஸுக்குப் போயிற்று. தேய்ந்த எழுத்துகளையும் சேர்த்தால் தலைப்பக்கம் முழுவதும் “நம் தலைவர் ஆர்க்காடியுஸ், பக்தியும் பேறும் உடைய அகஸ்டஸ்” என்ற பொருளில் அமைந்திருக்கும்; அகஸ்டஸ் என்பது இங்கே பேரரசர் என்ற பட்டம். நீங்கள் கண்ட பி, எப் என்பவை அந்தப் பக்திக்கும் பேறுக்கும் உரிய முதலெழுத்துகள்.

பின்பக்கத்தில் இருப்பது வெற்றித் தெய்வம். தோளில் சுமப்பது, பகைவரின் கவசமும் ஆயுதங்களும் மாட்டப்பட்ட வெற்றிக் கம்பம். கையால் இழுத்துச் செல்வது சிறைப்பட்ட பகைவன். அரசின் நலம் என்ற பொருளில் சாலுஸ் ரெயிபுப்ளிகே என்று இதைச் சுற்றி எழுதியிருப்பார்கள். இவ்வகை 388ஆம் ஆண்டளவில் தொடங்கி அடிக்கப்பட்டது. இப்போது காசை மேசை விளக்கின் அருகே சாய்த்துப் பிடித்து, வெற்றித் தெய்வத்துக்கு முன்னால், இடப்புறத்து வெற்றிடத்தை வில்லையால் பாருங்கள். கிறிஸ்துவின் பெயரைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பின்னிய சின்னம் மங்கலாகவேனும் தெரியக்கூடும். பழைய மதத்தின் இறக்கை முளைத்த தெய்வமும் புதிய மதத்தின் சின்னமும் 13 மில்லிமீற்றர் அகலத்துக்குள் ஒன்றாக நிற்பதுதான் இவ்வகைக் காசில் எனக்கு மிகவும் பிடித்தது.

அடியில் உள்ள ஏ, என், ரி என்பது அந்தியோக்கியா அக்கசாலையின் குறி; இன்றைய துருக்கியின் அந்தாக்கியா நகரம் அது. தேய்ந்து போனதாக நீங்கள் சொல்லும் நான்காவது எழுத்து, அக்கசாலைக்குள் எந்தப் பட்டறை அடித்தது என்பதைக் காட்டும் கிரேக்க எழுத்தாக இருக்க வேண்டும். அது தெரியாவிட்டாலும் குறையில்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: மருமகன் அதை எங்கே வாங்கினார் என்று கேட்டு, பற்றுச்சீட்டின் படியைப் பெற்றுக் காசோடு வையுங்கள். இதே வகைக் காசுகள் இலங்கை மண்ணிலும் அடிக்கடி கிடைப்பவை. ஆகையால் இது இலண்டனிலிருந்து வந்தது என்பதற்குச் சான்று கையில் இருப்பது நல்லது.

கேள்வி: உரோமக் காசு கிடைத்த இடத்துக்கு உரோமர் வந்தார்கள் என்று கொள்ளலாமா? யாழ்ப்பாணத்துக்கு அவர்கள் வந்ததற்குச் சான்று உண்டா?
– பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

பதில்: கொள்ள முடியாது. காசு கைமாறிக்கொண்டே போவது. அதைக் கடைசியாகத் தொலைத்தவர் யார் என்பதைத்தான் கிடைத்த இடம் காட்டும். அடித்தவரையோ முதலில் கொண்டுவந்தவரையோ காட்டாது.

இலங்கைக்கு உரோமர் வந்த கதை உரோம எழுத்தாளர் பிளினி 77ஆம் ஆண்டளவில் எழுதிய இயற்கை வரலாற்று நூலின் ஆறாம் பாகத்தில் இருக்கிறது. செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரால் அடிமை நிலையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒருவர், அரபுக் கரையோரமாகக் கப்பலில் போகையில் காற்றால் அடித்துச் செல்லப்பட்டுப் பதினைந்தாம் நாள் இலங்கைத் துறை ஒன்றில் கரையேறினாராம். அந்தத் துறை குதிரைமலை என்று சொல்வாரும் உண்டு. அவரிடமிருந்த வெள்ளி டெனாரியஸ் காசுகளில் வெவ்வேறு அரசர்களின் தலைகள் இருந்தும் எடை ஒன்றாகவே இருந்ததைக் கண்டு இலங்கை அரசன் உரோமரின் நேர்மையை வியந்தான் என்கிறார் பிளினி. அந்த வியப்பு நீரோ 64ஆம் ஆண்டளவில் டெனாரியஸின் எடையைக் குறைப்பதற்கு முந்திய காலத்துக்கு உரியது என்பதை நாணயம் சேர்ப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மாஸ் என்பவர் இன்னொரு கதை சொல்கிறார்: சோபத்ரோஸ் என்ற வணிகர் உரோமப் பொற்காசையும், உடன் வந்த பாரசீகரின் வெள்ளிக் காசையும் இலங்கை அரசன் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்து தம் பேரரசரே பெரியவர் என்று நிலைநாட்டினாராம். இரண்டு கதைகளிலும் நம் அரசன் வியக்கிறான், உரோமர் பெருமை கொள்கிறார்கள். இரண்டையும் எழுதியவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

மண் சொல்லும் செய்தி வேறு. பிளினி சொல்லும் காலத்து வெள்ளிக் காசுகள் இலங்கையில் மிக அரிது. தமிழ்நாட்டிலோ, குறிப்பாகக் கொங்குப் பகுதியில், அகஸ்டஸ், திபேரியுஸ் காலத்து டெனாரியஸ்கள் குவியலாகவே கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றின் அரசன் தலையை உளியால் குறுக்கே வெட்டியிருந்தார்கள். மறுபடியும் காசாகப் புழங்காமல் பொன்னாக மட்டுமே மதிக்கப்பட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள் என்பது ஒரு கருத்து. இலங்கையில் மிகுதியாகக் கிடைப்பவை 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் சிறு வெண்கலக் காசுகள். அவை போதாமல், அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே அடித்த போலிகளும் ஏராளம். அந்தப் போலிகளில் எழுத்து வெறும் கோடுகளாகத் தேய்ந்திருக்கும். தலை ஒரு புள்ளியும் இரண்டு வளைவுகளுமாகச் சுருங்கியிருக்கும். அவற்றை ஏமாற்று வேலை என்று ஒதுக்கக் கூடாது. சில்லறைக்கு இந்தக் காசைத்தான் மக்கள் நம்பினார்கள் என்பதை அவற்றைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை, 1917 முதல் வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் கந்தரோடையில் திரட்டியவற்றுள் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளும், ஒரு பக்கம் இலட்சுமி நிற்கும் செப்புத் தகடுகளும், உரோமக் காசுகளும் அடங்கும். ஆகவே உரோமக் காசு இங்கே புழங்கியது. அதைக் கொண்டுவந்தவர் உரோமரா, மாந்தைத் துறையோடு வணிகம் செய்தவரா, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த தமிழ் வணிகரா என்பதற்குக் காசு மட்டும் சான்றாகாது. மூன்றாவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

கேள்வி: எங்கள் வளவில் மலசலகூடக் குழி வெட்டியபோது இடுப்பளவு ஆழத்தில் ஓர் உடைந்த முட்டியும் அதனருகே பச்சை பிடித்த சிறிய காசுகள் ஒரு கைப்பிடி அளவும் வந்தன. இரண்டை மைத்துனர் எடுத்துக்கொண்டார். தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொன்னால் காணியையே எடுத்துவிடுவார்கள் என்று அயலவர்கள் பயமுறுத்துகிறார்கள். காணி என் பெயரில் உறுதியோடு இருக்கிறது. காசும் எனக்குத்தானே உரியது?
– வலிகாமம் வாசகர் ஒருவர்

பதில்: காசு உங்களுக்கு உரியதல்ல. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, கண்டெடுக்கப்படாமல் மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசின் சொத்து. காணி உங்களுடையது என்பதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவை தொல்பொருளாகக் கொள்ளப்படுகின்றன. தற்செயலாகக் கிடைத்தது குற்றமில்லை. மறைப்பதும் விற்பதும், மேலும் கிடைக்குமா என்று அனுமதியின்றித் தோண்டுவதுமே குற்றம்.

அயலவர்களின் பயத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். தொல்லியலின் பெயரால் வடக்கில் எழுந்திருக்கும் காணிப் பிணக்குகளை அறிந்த எவருக்கும் அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். ஆனாலும் அந்தப் பயத்துக்கு மருந்து ஒளிப்பது அல்ல. சாட்சியோடும் எழுத்திலும் அறிவிப்பதுதான். முதலில் குழி வெட்டும் வேலையை அந்த இடத்தில் நிறுத்துங்கள். முட்டியின் துண்டுகளையும் காசுகளையும் குழியையும், அருகே ஓர் அளவுகோலை வைத்து, கைபேசியில் படம் எடுங்கள். ஆழத்தையும், வீட்டுச் சுவரிலிருந்தும் கிணற்றிலிருந்தும் உள்ள தூரத்தையும் எழுதிவையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்; அவர்களுள் ஒருவரையும் கிராம அலுவலரையும் அழைத்துக் காட்டுங்கள். அதன்பின் தொல்பொருள் திணைக்களத்துக்கோ, அரசாங்க அதிபருக்கோ, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ கடிதமாக அறிவித்து, கையளிக்கும்போது எண்ணிக்கையும் எடையும் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள்.

மைத்துனர் எடுத்துச் சென்ற இரண்டையும் இன்றே திருப்பி வாங்குங்கள். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. முட்டியோடு சேர்ந்து கிடைக்கும் காசுக் குவியல் எப்போது புதைக்கப்பட்டது என்பதை அறிவதற்கு, அதில் உள்ள காசுகளுள் காலத்தால் மிகப் பிந்தியது எது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். தொண்ணூறு காசுகள் 340ஆம் ஆண்டுக்கு உரியனவாக இருந்து ஒன்று மட்டும் 410க்கு உரியதாக இருந்தால், குவியல் 410க்குப் பிறகே புதைக்கப்பட்டது. அந்த ஒன்று மைத்துனரின் சட்டைப்பையில் இருந்தால் எழுபது ஆண்டு வரலாறு பிழையாகிவிடும். அந்தக் குவியலில் உள்ளூர்ப் போலி ஒன்று கலந்திருக்கிறதா, இலட்சுமித் தகடு ஏதும் இருக்கிறதா என்பனவும் அப்படியே. தனித்தனியே விற்றால் ஒவ்வொன்றும் சில நூறு ரூபா பெறும் இந்தப் பச்சைத் துண்டுகள், முட்டியோடும் மண்ணோடும் சேர்ந்திருக்கும்வரை உங்கள் ஊரில் 1600 ஆண்டுகளுக்கு முன் கடைத்தெரு எப்படி நடந்தது என்பதைச் சொல்லக்கூடியவை.

முக்கியமான இன்னொன்று: கழுவாதீர்கள். மண்ணோடேயே கடதாசி உறையில் இட்டு வையுங்கள். பிளாஸ்ரிக் பையில் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய உரோமக் காசு ஒன்றைப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். முதலில் தங்கம்போல் மின்னியது. இப்போது வெளிறிய பச்சைத் தூள் பூத்து உதிர்கிறது. என்ன செய்யலாம்?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: குத்துவிளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்துவிட்டீர்கள். பழங்காசின் மேல் இருக்கும் கரும்பச்சைப் படலம் அழுக்கு அல்ல; செம்பு நூற்றாண்டுக்கணக்கில் மண்ணோடு வினைபட்டு உருவாக்கிக்கொண்ட தோல் அது. எழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அந்தத் தோலில்தான் தங்கியிருக்கும். புளி அதை உரித்துவிட்டது. உப்பில் உள்ள குளோரைட்டு உலோகத்துக்குள் புகுந்துவிட்டது. இப்போது பூத்திருப்பதை வெண்கல நோய் என்பார்கள். செம்புக் குளோரைட்டு காற்றின் ஈரத்தோடும் ஒட்சிசனோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் மேலும் செம்பைத் தின்ன, அது மீண்டும் குளோரைட்டாக மாறும். ஈரப்பதன் ஏறத்தாழ 42 சதவீதத்தைத் தாண்டினாலே இந்த நோய் விழித்துக்கொள்ளும். கடற்காற்று வீசும் பருத்தித்துறையில் அந்த அளவுக்குக் கீழே இறங்கும் நாளைக் காண்பது அரிது.

செய்யக்கூடியது இதுதான். பச்சைத் தூளை மூங்கில் பல்லுக்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். காசைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, சில நாட்களுக்கு ஒரு முறை நீரை மாற்றுங்கள்; இதைச் சில கிழமைகள் தொடர வேண்டும். கிணற்று நீர் ஆகாது. எங்கள் சுண்ணக்கல் நிலத்து நீரில் உப்பு இருக்கிறது. அது நோயை வளர்க்கும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடிநீர் வாங்கலாம், ஆனால் பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள். ஊறிய பின் இளஞ்சூட்டில் முற்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இறுக மூடும் போத்தலில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்தும் புதிய பச்சைப் புள்ளி தோன்றாவிட்டால் பிழைத்துக்கொண்டது என்று கொள்ளலாம். அதுவரை மற்றக் காசுகளிலிருந்து விலக்கியே வையுங்கள். நோய் தொற்றுவதற்காக அல்ல. அதன் அமிலத் தூள் பட்டால் அயலில் உள்ளதும் கெடும் என்பதற்காக.

மென்மையான பிவிசி உறைகளில் காசு வைப்பதையும் நிறுத்துங்கள். வெப்பத்தில் அந்தப் பிளாஸ்ரிக் கசிந்து காசின்மேல் பச்சைப் பிசினாகப் படியும். நடுவில் பொலியெஸ்ரர்ப் படலம் ஒட்டிய கடதாசி மட்டைகள் மலிவானவை, பாதுகாப்பானவை.

கேள்வி: நண்பர் ஒருவருக்குத் தெரிந்த ஒருவரிடம் புதையலில் கிடைத்த உரோமத் தங்கக் காசு இருக்கிறதாம். தட்டாரிடம் உரைத்துப் பார்த்தார்கள், தங்கம்தான். சந்தை விலையில் பாதிக்குத் தருகிறார். வாங்கலாமா?
– சாவகச்சேரி வாசகர்

பதில்: வேண்டாம். இலங்கை மண்ணில் தோண்டி எடுத்தது உண்மையானால் அது அரசின் சொத்து, வாங்கினால் நீங்களும் குற்றவாளி; உண்மை இல்லையானால் நீங்கள் ஏமாந்தவர். மூன்றாவது வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

உரைகல் உலோகத்தைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. நேற்று உருக்கிய பவுணில் செய்த போலியும் உரைகல்லில் தேறும். உண்மையான காசை உரைப்பதே அதற்குக் காயம். போலிகள் நேற்றைய சங்கதியும் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் பாதுவா நகரத்து ஜொவான்னி தா காவினோ என்பவர் உரோமக் காசுகளைப் பின்பற்றிச் செய்த பெரிய வெண்கலப் பதக்கங்கள் இன்று தம்மளவிலேயே விலைபோகின்றன. உரோமர் காலத்திலேயே செம்புக்கு வெள்ளித் தோல் போர்த்து டெனாரியஸாகத் தள்ளியவர்கள் இருந்தார்கள். சட்டப்படி விற்பனைக்கு வரும் காசிலும் ஓரத்தைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடுகிறதா, மேற்பரப்பில் ஊசிக்குத்துப் போன்ற குமிழித் துளைகள் இருக்கின்றனவா, எழுத்தின் விளிம்புகள் சவர்க்காரம்போல் மழுங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். சொலிடஸ் என்றால் எடை 4.5 கிராமை ஒட்டியிருக்க வேண்டும். ஓர் உரோம இறாத்தலுக்கு 72 என்ற கணக்கில் அடிக்கப்பட்டவை அவை.

கேள்வி: என்னிடமுள்ள செப்புக் காசில் ஒரு பக்கம் படுத்திருக்கும் மாடு, அதன்கீழ் ஏதோ எழுத்து, மறுபக்கம் நிற்கும் மனித உருவம். இது உரோமக் காசா? உரோமக் காசுகளை நேரில் எங்கே பார்க்கலாம்?
– மானிப்பாய் வாசகி

பதில்: மாட்டின்கீழ் உள்ள எழுத்தைத் தமிழாகப் படித்துப் பாருங்கள். சேது என்று வந்தால் அது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசு. உரோமக் காசைவிட நமக்கு நெருக்கமானது. பழங்காசுகளைப் பார்க்க, யாழ்ப்பாணம் நாவலர் வீதியில் உள்ள தொல்பொருள் நூதனசாலைக்கு முதலில் போங்கள். கொழும்புத் தேசிய நூதனசாலையும், கோட்டையில் மத்திய வங்கி நடத்தும் பொருளாதார வரலாற்று நூதனசாலையும் அடுத்தவை. வீட்டில் படிக்க விரும்பினால், கொட்ரிங்ரன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய ஆங்கில நூல் பழையதாயினும் இன்னும் பயன்படுவது.

கேள்வி: அப்பப்பா சேர்த்த பழைய காசுப் பெட்டி ஒன்று எங்களிடம் உண்டு. சில உரோமக் காசுகளும், பல ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசுகளும் இருக்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அடுத்த முறை வரும்போது கொண்டுபோக விரும்புகிறார். தடை ஏதும் உண்டா?
– உடுவில் வாசகர்

பதில்: உண்டு. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதற்குத் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒல்லாந்தர் காசு உரோமக் காசைப்போல் பழையதல்ல என்று அண்ணா நினைக்கக்கூடும். அதில் 1790 என்று அடித்திருந்தாலும் அது 1815க்கு முற்பட்டதே. கைப்பையில் நாலு காசுதானே என்று கொண்டுபோய் விமான நிலையத்தில் பிடிபட்டால் பெட்டியும் போய்ப் பயணமும் குழம்பும்.

அண்ணா வருமுன்னர், பெட்டியில் உள்ள ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் படம் எடுத்து எடையோடு ஒரு பட்டியல் போடுங்கள். அப்பப்பா எழுதிவைத்த துண்டுகளோ கடித உறைகளோ பெட்டியில் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். “மாதகல், 1938” என்பதுபோல் ஒரு வரி இருந்தாலும் எந்தக் காசுக்கு அருகே அது கிடந்தது என்று குறித்து அதனோடேயே வையுங்கள். அந்தப் பட்டியலோடு திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, பதில் எழுத்தில் வரும்வரை பெட்டி உடுவிலிலேயே இருக்கட்டும்.